பன்னிரண்டாவது ஆலோசனை

பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம். முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, பிள்ளைகளின் பெஞ்சுகளிலேயே உட்கார வைத்திருந்தார்கள். முழங்கால் தாடையில் இடிக்க, வளர்ந்த மனிதர்கள் எல்லாம் அடக்க ஒடுக்கமாக இருந்தார்கள். ஆளுக்கொரு தாள். அதில் இருபது ஆலோசனைகள். கடைசியில், 'படித்தேன், சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்துப் போட ஒரு கோடு.

சுண்டுவின் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தம், சளி, சிறுநீர் என்று ஊரார் முகம் சுளிக்கிற எல்லாவற்றையும் நுண்நோக்கியில் வைத்துப் பார்ப்பது பதினோரு வருடப் பிழைப்பு. அவளிடமிருந்து ஒரு வார்த்தை எடுக்க வேண்டுமென்றால் ஊசி குத்தித்தான் எடுக்க வேண்டும் என்று புருஷன் கேலி செய்வான். அவ்வளவு வாய் திறக்காதவள்.

வெளியிலிருந்து வந்திருந்த ஆலோசகருக்குத் தேன் தடவிய குரல். பிள்ளைகளை ஒன்பது மணிக்குத் தூங்க வையுங்கள் என்றார். ஷூவைத் தானே மாட்டிக்கொள்ள விடுங்கள், பென்சிலில்கூடப் பெயர் எழுதுங்கள் என்றார். முதல் நாள் வாசலில் பிள்ளை அழுதால் பரவாயில்லை, நீங்கள் அழாதீர்கள் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். சுண்டுவின் அம்மாவும் சிரித்தாள். நல்ல விஷயமாகத்தான் சொல்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் அடித்துக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டாவதில் பேனா நின்றது.

"காலையில தண்ணி ரொம்பக் குடுத்து அனுப்பாதீங்க," என்றார் ஆலோசகர். "பாத்ரூம் போகணும்னு கேட்டா, இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லி இந்த ஒரு வாரம் அடக்கிப் பழக்குங்க. பிள்ளைங்க பழகிடுவாங்க."

பக்கத்தில் இருந்த அப்பா ஒருவர் அதையும் கர்ம சிரத்தையாகக் கோடிட்டார்.

அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போன வருடம் முழுக்க, இதே பள்ளியின் கட்டம் போட்ட சீருடையில் சின்னப் பெண்கள் பரிசோதனைக்கு வந்தபடி இருந்தார்கள். ஆறு வயது, ஏழு வயது. காய்ச்சல், அடிவயிற்றில் வலி, போகும்போது எரிச்சல். சிறுநீர்த் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் சீழ் அணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். நாம்தான் பிள்ளையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லையோ என்று ஒவ்வொரு தாயும் குன்றிப்போய் நின்றிருப்பாள். இந்த விடுமுறை இரண்டு மாதத்தில் அப்படி ஒரு பிள்ளைகூட வரவில்லை. எண்ணிக்கை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தோமே தவிர ஏன் என்று ஒரு நாள் கேட்டோமா என்று நினைத்தபோது, முதல் கோபம் தன்மேலேயே வந்தது.

எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது.

"எதுக்கு அடக்கணும்?"

ஒருத்தர் போனால் பத்துப் பேர் கிளம்புவார்கள், பாடம் கெடும், ஒழுங்கு கெடும் என்று ஆலோசகர் விளக்கினார். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை, எல்லாப் பள்ளியிலும் இதுதான் வழக்கம் என்று பூசி மெழுகினார். அப்படியானால் பெண் பிள்ளைகளின் கழிவறையைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். அங்கே வேலை நடக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்த்தபோது பின்னால் மூன்று பேர். மூலை திரும்புவதற்குள் முக்கால்வாசிக் கூட்டம் வந்துவிட்டது.

அங்கே எந்த வேலையும் நடக்கவில்லை. வரிசையாக ஆறு கதவுகள். நான்கில் பூட்டுத் தொங்கியது. ஐந்தாவதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆறாவது திறந்திருந்தது, ஆனால் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. முந்நூறு பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றுதான்.

துடைப்பத்தோடு நின்ற ஆயா, திட்டு தனக்குத்தான் என்று நினைத்து முந்திக்கொண்டார். "நான் ஒருத்திதாம்மா. கீழ் மாடி, மேல் மாடி எல்லாம் நானே கழுவணும். ரெண்டாவது ஆள் கேட்டேன். ஆள் இல்லை, பூட்டிடுன்னுட்டாங்க."

"உங்கமேல ஒரு தப்பும் இல்லக்கா," என்றாள் சுண்டுவின் அம்மா.

அதற்குள் தலைமையாசிரியை வந்து சேர்ந்தார். திறந்து விட்டால் பிள்ளைகள் அசிங்கம் செய்துவிடுவார்கள், அவர்கள் நன்மைக்காகத்தான் பூட்டியது என்று சப்பைக்கட்டு கட்டினார்.

"கழுவ ஆள் போடாம, குழந்தைங்கள தண்ணி குடிக்காதன்னு சொல்றீங்க," என்றாள் அவள். இப்போது குரல் நடுங்கவில்லை. "அப்படி அடக்கினா என்ன ஆகும்னு நான் தினமும் பார்க்கறேன் மேடம். சின்னக் குழந்தைங்களோட மூத்திரத்துல சீழ பார்க்கறேன். இதுக்கு ஒழுக்கம்னு பேர் வைக்காதீங்க."

பொதுவாகச் சொல்லாதீர்கள், எந்தப் பிள்ளைக்கு அப்படி ஆனது, பெயரைச் சொல்லுங்கள் என்றார் தலைமையாசிரியை. அவளுக்குப் பெயர்கள் தெரியும். அதோ கூட்டத்தின் ஓரத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறாளே, அவளுடைய மூத்த மகளும் அதில் ஒருத்தி. ஆனால் பரிசோதனை நிலையத்தில் பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது. அது வேலையின் முதல் கட்டுப்பாடு.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் பொண்ணுக்கு ஆச்சு. ரெண்டு தடவை. நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. நான் சரியாக் கழுவி விடலைன்னு மாமியார்ல இருந்து எல்லாரும் என்னையேதான் திட்டினாங்க. நானும் என்னையேதான் திட்டிக்கிட்டேன்."

பிறகு இன்னொரு தாய் தன் மகளுக்கும்தான் என்றாள். அப்புறம் ஒரு அப்பா. ஆலோசனையைக் கோடிட்டிருந்தவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சாவி எங்கே என்று கேட்டார்.

சாவி வரும்வரை யாரும் நகரவில்லை. வந்ததும் கதவுகளைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் நன்றாகவே இருந்தன, தூசி மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் பலருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பெற்றோரில் ஒருவர் குழாய் வேலைக்காரர். மேலே தொட்டி வரை ஏறிப் பார்த்து, மூடியிருந்த ஒரு வால்வைத் திருகியதும் தண்ணீர் வந்துவிட்டது, இதற்கு ஒரு வருடமா என்று கேட்டார். அன்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பன்னிரண்டாவதை எடுத்துவிட்டு வேறு தாள் கொடுத்தால் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் புதுத் தாள் வந்தது. பள்ளி திறந்த அன்று நாற்காலி அறை தவிர ஐந்து கதவுகளும் திறந்திருந்தன. ஆயாவுக்குத் துணையாக இன்னொரு பெண் வந்திருந்தாள். தலைமையாசிரியை மட்டும் சுண்டுவின் அம்மாவை வாசலில் நிறுத்தி, இதைத் தனியாக வந்து பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொண்டார். பக்குவமாகக் கேட்ட ஆயாவுக்கு என்ன பதில் கிடைத்தது என்று கேட்டாள் அவள்.

அன்று மாலை ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன் குறைந்திருந்தது. பள்ளிகள் கொடுப்பதை அப்படியே தாளில் சேர்ப்பது வழக்கம் என்றும், தான் யோசித்திருக்க வேண்டும் என்றும், இனி அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். வருத்தம் பொய்யாகத் தெரியவில்லை.

"சரிங்க," என்றாள் சுண்டுவின் அம்மா. "இதுவரைக்கும் எத்தனை ஸ்கூல்ல சொல்லியிருக்கீங்க?"

மறுமுனையில் அவர் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. பிறகு, ஒன்பது இருக்கும் என்றார்.

அவள் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணா பேர் சொல்லுங்க. எழுதிக்கறேன்."