மாத்திரையின் தோல்

திரிசலா எறும்புக்கு வழிவிட்டு நடப்பவள். விளக்கில் பூச்சி விழுமே என்று பொழுது சாய்ந்தபின் அடுப்பே பற்றவைக்காத சமணக் குடும்பம், திருப்பருத்திக்குன்றத்தில். அப்படிப்பட்டவள் கையாலேயா இது நடக்க வேண்டும்!

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் சம்யுக்தாவுக்குத் திடீரென்று நடை தள்ளாடியது. காஞ்சிபுரத்து டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு விளக்கினார்.

"முறுக்கு ரொம்ப நாள் கிடந்தா சிக்கு வாடை அடிக்குதில்ல? காத்து பட்டு எண்ணெய் கெட்டுடுது. நரம்புல இருக்கிற கொழுப்பும் அப்படித்தாம்மா கெடும். வைட்டமின் ஈ முன்னாடி நின்னு அந்த அடியைத் தன் மேல வாங்கிக்கும். உங்க பொண்ணு உடம்புல அது தங்க மாட்டேங்குது, பிறவிக் கோளாறு. இந்தக் கேப்ஸ்யூல் மாத்திரையை ஆயுசு பூரா விடாம குடுங்க."

கொடுத்தாள். கோடைக்குள் பெண் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்! ஊரிலிருந்து வந்த நாத்தனார் சம்பூர்ணம் மாத்திரையை விரலில் உருட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ அண்ணி, இதோட தோலு மாட்டு எலும்புல செய்யறதாச்சே! தெரியாமலா குடுத்துக்கினு இருக்கீங்க?"

பிள்ளை வாயில் இதையா போட்டோம் என்று திரிசலா அழுதாள். மறுநாளே நிறுத்தினாள், கணவன் சாந்திநாதனிடம்கூட மூச்சுவிடவில்லை. பாதாமில் அதே வைட்டமின் உண்டு என்று ஃபோனில் பார்த்து, அரைத்துப் பாலில் கலந்து வேளை தவறாமல் கொடுத்தாள்.

சம்யுக்தா மறுபடி சுவரைப் பிடித்தாள். பிறகு அம்மாவைப் பிடித்தாள். வளருகிற பிள்ளை, சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள் அந்தப் பாவித் தாய். பெண்ணால் எழுந்திருக்கவே முடியாமல் போனபோதுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"பாதாம்ல வர்றது அவளுக்குப் பத்தாதும்மா. மாத்திரையா நிறைய குடுத்தாத்தான் கொஞ்சமாவது தங்கும். ஏன் நிறுத்தினீங்க?"

திரிசலா தலைகுனிந்தபடி எலும்பு விஷயத்தைச் சொன்னாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை. "உள்ள இருக்கிறது செடியில எடுத்த எண்ணெய்தாம்மா. ஊசியால குத்தி ஸ்பூன்ல பிழிஞ்சு குடுத்திருக்கலாமே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இனிமே மேல கெடாம பாத்துக்கலாம். போன நடை திரும்பாது."

ஒரு வார்த்தை! அதைக் கேட்கத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊசியை எடுத்து மாத்திரையைக் குத்தினாள். ஸ்பூனில் மஞ்சளாய் எண்ணெய் இறங்கியது. சம்யுக்தா அதைக் குடிக்குமுன் கேட்டாள்.

"இதைக் குடிச்சா பழையபடி நடப்பேனாம்மா?"

அந்த வீட்டில் பொய்யும் பாவம்தான்.

"நடப்ப கண்ணு," என்றாள் திரிசலா.