ஒன்பது வீட்டு ஆம்ப்ளிஃபயர்

டிவித் திரை கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தபோது மார்கெரீத் ட்ருயாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காரணம் புரியாமல் வந்த கோபமல்ல, புரிந்து வந்தது. ஏரிக் கப்பல்களின் வானொலி அறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள்.

கனடாவின் விண்ட்ஸரில், ஆற்றோரம் ஒன்பது வீடுகள் கொண்ட கட்டடம் அது. மொட்டைமாடியில் இருந்த பழைய ஆன்டெனாவே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டின் சேனல் கோபுரங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதிக தூரமில்லை. கட்டடச் சொந்தக்காரர் ஹார்வி நாப் அதைப் பிடுங்கிவிட்டு ஆள் உயரத்துக்கு ஒன்றை நட்டார். அடித்தள அறையில் சிக்னலைப் பெருக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் மாட்டினார். மறுநாளே பாதிச் சேனல்களைக் காணோம். அதற்கடுத்த நாள் கேபிள் கம்பெனிப் படிவத்தோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க. ஆன்டெனா காலமெல்லாம் போயாச்சு."

"போகல, நீங்க போக வச்சிருக்கீங்க," என்றாள் மார்கெரீத். "சிக்னல் ஏற்கெனவே பலமா வருது. அது மேல ஆம்ப்ளிஃபயர் போட்டா, பக்கத்துல நிக்கிறவன் காதுல மைக்க வச்சுக் கத்துற மாதிரி. டிவி திணறாம என்ன செய்யும்? அதக் கழட்டுங்க."

"பாட்டி, இந்த மிஷின் வெவகாரமெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு நிம்மதியா இருங்க."

படிவத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.

கீழ்வீட்டு டெல்ராய் ஆஸ்பத்திரிச் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் தவறிவிடுமோ என்ற பயத்தில் பேனாவை எடுத்தேவிட்டார். மார்கெரீத் பறித்துக்கொண்டாள்.

"அப்ப எந்த ஆன்டெனா வாங்குறது, அக்கா? நூத்தம்பது மைல் எட்டும்னு போட்ட பெட்டிதான் ஒசத்தின்னு கடைல சொன்னான்."

"அவன் பெட்டி மேல இருக்குறதப் படிச்சிருக்கான். கோபுரம் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், நடுவுல என்ன மறைக்குது, இத வச்சு வாங்கணும். தூரத்து ஊர்க்காரனுக்கு, நீளமா கேபிள் இழுக்குறவனுக்கு ஆம்ப்ளிஃபயர் வேணும். நமக்குச் சின்னதே போதும்."

காகிதம்போல் தட்டையான ஆன்டெனா ஒன்றை வாங்கிவந்து டெல்ராயின் வடக்கு ஜன்னலில் ஒட்டி, சேனல் தேடவிட்டாள். முப்பத்தொன்று வந்தன, ஒன்றுகூட உடையவில்லை. "அடேயப்பா!" என்று டெல்ராய் போட்ட சத்தத்தில் மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அந்த வாரத்துக்குள் வீட்டுக்கு வீடு ஒட்டியாயிற்று. வடக்கு ஜன்னல் இல்லாத பின்வீடுகள் இரண்டுக்கும் முன்வீட்டிலிருந்து கேபிள் இழுத்தார்கள்.

நாப் வராந்தாவில் நின்று கத்தினார். "யாரைக் கேட்டு என் கட்டடத்துல ஆன்டெனா வச்சீங்க?"

"ஜன்னலுக்கு உள்பக்கம் வச்சிருக்கோம். அங்க குடியிருக்குறது நாங்க," என்றாள் மார்கெரீத். "அத விடுங்க. ஒரு கையெழுத்துக்கு அந்தக் கம்பெனி உங்களுக்கு என்ன தருது? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

நாப்பின் முகம் சிவந்தது. டெல்ராய் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நாப் படியிறங்கிப் போனார். ஆம்ப்ளிஃபயரை மட்டும் கடைசிவரை கழற்றவில்லை.

ஆனால் ஏழாம் வீட்டுக் கிழவர் ஆம்ப்ரோஸ் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு விலக முடியாதாம். அதைக் கேட்டதும் மார்கெரீத்துக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. ஆம்ப்ரோஸின் சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதத் தொடங்கினாள். முதல் பக்கம் நிறைந்துவிட்டது. ஹார்வி நாப் எப்படிப்பட்ட ஆள் என்பதையே அவள் இன்னும் எழுதி முடிக்கவில்லை.