ஒன்றுமில்லை என்று சொன்ன அறிக்கை

பதினெட்டு வருடமாக அவள் பேருந்து ஓட்டுகிறாள். பணிமனையில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். கணவன் அங்கேயே எழுத்தர். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவன்தான் படித்துச் சொல்வான். அவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. மார்பை ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையை வாங்கி வந்த கணவன், ஒன்றுமில்லையாம், படுத்தே கிடந்ததில் உடம்பு போட்டுவிட்டதாம், நடந்தால் சரியாகிவிடுமாம் என்றான்.

அன்றோடு லிஃப்டை விட்டாள். வீடு நான்காவது மாடி. முதலில் மூன்றாவது மாடியில் நின்று இளைப்பாறினாள்; பிறகு இரண்டாவதில்; கடைசியில் நாலு படிக்கு ஒரு தடவை. சோம்பேறி, சோம்பேறி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஏறுவாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான்.

ஒரு நாள் காலை, வண்டியை எடுக்கப் போகையில் இருமல் வந்தது. கைக்குட்டை முழுக்க ரத்தம். நடத்துனர்தான் அவளை, முன்பு ஸ்கேன் எடுத்த அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அன்று எடுத்த ஸ்கேனையும் பழையதையும் மருத்துவர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மாவுக்கட்டோடு கிடந்தபோது காலில் உறைந்து மேலே ஏறிய ரத்தக்கட்டிகள், நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை அடைத்திருந்தன. உள்ளே அழுத்தம் ஏறி, இதயம் முக்கி முக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மூச்சுக்குழாய்க்கு ரத்தம் கொடுக்கிற சிறு தமனிகள், அடைபட்ட பகுதிக்கும் சேர்த்து ஓடி ஓடிப் பெருத்துப் போயிருந்தன. அவற்றில் ஒன்றுதான் கசிந்திருக்கிறது என்றார். பிறகு, இரண்டு வருடமாக ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"பழைய அறிக்கையிலயே இது இருக்கேம்மா. ரத்தக்கட்டி இருக்கும்போல, உடனே வரணும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கோம்."

வேறு யாருடைய அறிக்கையோ என்று அவள் சிரித்தேவிட்டாள். மருத்துவர் திரையைத் திருப்பினார். பெயரும் பிறந்த தேதியும் அவளுடையவைதான்.

சாயங்காலம் கணவன் ஃபிளாஸ்க்கோடு வந்தான். அவள் கேட்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"வண்டிய விட்டு இறக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன். உனக்கு அதுதானே உசுரு. அப்புறம் நாளாக நாளாக, சொல்ற தைரியம் போயிடுச்சு."

"ஐம்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டினேன். மயங்கி விழுந்திருந்தா?"

அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நான் மாடியேறறப்போ பின்னாலயே வந்தீங்களே. என்னதான் நினைச்சுக்கிட்டு வந்தீங்க?"



கசிந்த தமனியை முதலில் அடைத்தார்கள். சில வாரம் கழித்து மார்பைத் திறந்து பழைய கட்டிகளை உரித்தெடுத்தார்கள். சிறு தமனிகள் பெருத்து ரத்தம் கொடுத்ததால்தான் அடைப்புக்கு அப்பால் நுரையீரல் சாகாமல் இருந்தது என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. அறுவைச் சிகிச்சைக்கான படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதியிருந்தாள்.

தேறியதும் அக்கா வீட்டுக்கே போனாள். அவன் பணிமனையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக நடத்துனர் வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுடைய துணிமணிகளைக் கொண்டுவந்தான். கோபம் தணிந்ததும் வீட்டுக்கு வா என்றான்.

"கோபமெல்லாம் இல்லைங்க. நீங்க குடுத்தா ஒரு டம்ளர் தண்ணிகூட இனிமே நம்பிக் குடிக்க முடியாது. அதான்."

பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.