ஆபீசர் வரும் வியாழக்கிழமை

ஜூஜுவாடியில் எங்கள் தெருவுக்கு நல்ல நாள் பார்க்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் என்றைக்கு வருகிறார் என்று தெரிந்தால் போதும். அன்றைக்குப் பின்பக்கத்து இரும்பு உருக்கும் கம்பெனியில் உலையை அணைத்துவிடுவார்கள். புகைபோக்கி சாதுவாக நிற்கும். தெருவே வெள்ளைத் துணி துவைத்து மொட்டை மாடியில் காயப்போடும். மற்ற நாளில் காயப்போட்டால் கறுப்பாகத்தான் எடுக்கலாம். சாயம் இலவசம்.

அந்த உலையில்தான் என் வீட்டுக்காரர் நூர் முகமதுக்கு வேலை. எங்கள் மகள் வஜிஹாவுக்கு மூச்சிரைப்பு. சோறும் இருமலும் ஒரே இடத்திலிருந்து வந்தன, அலைச்சல் மிச்சம். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் அவள் இருமலைக் கேட்டே ஓடிப்போயின. எண்பத்தொன்பதில் கிருஷ்ணகிரியிலிருந்து மூன்றாவது வரன் வந்தது. இதையும் தட்டிப்போக விடக் கூடாது.

"ஃபகரு, வர்ற வியாழக்கிழமை ஆபீசர் வர்றாராம். அன்னிக்கே அவங்களையும் வரச் சொல்லிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது.

வியாழக்கிழமை வானம் நீலமாக இருந்தது. எங்கள் வானம்தானா என்று எனக்கே சந்தேகம். மாப்பிள்ளை முனீர் அகமதுவும் அவர் அம்மா ரோஷன் பீயும் வந்தார்கள். வஜிஹா ஒரு செருமல்கூட இல்லாமல் சலாம் சொல்லி, டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"மாஷா அல்லாஹ், என்னா காத்து! கம்பெனி ஊருன்னதும் பயந்துட்டேன்" என்றாள் ரோஷன் பீ.

"இங்க எப்பவும் இப்படித்தாங்க" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

வழக்கமாக அந்த ஆபீசர் மகராசன் கம்பெனி பிரியாணியைத் தின்றுவிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, பொழுது சாயத்தான் கிளம்புவார். அன்றைக்கென்று வந்த வேகத்தில் போய்த் தொலைந்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த உலை, சேர்த்து வைத்து ஊதியது. ஜன்னல் வழியே புகை திமுதிமுவென்று உள்ளே வந்தது. யா அல்லாஹ், போச்சு என்று உள்ளறையைப் பார்த்தேன்.

இருமல் கேட்டது. உள்ளறையில் இல்லை, நாற்காலியில். மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திணறினார்.

"ஐயோ, பொண்ணு வீட்ல பாத்துடுவாங்கன்னு மாத்திரைய வீட்டுலயே வெச்சுட்டு வந்தோமே!" என்று ரோஷன் பீ தலையில் அடித்துக்கொண்டாள்.

வஜிஹா வெளியே வந்தாள். ஒரு கையில் வெந்நீர், மறு கையில் மாத்திரை.

"ஒண்ணுதான் இருக்கு. பாதி அவருக்குக் குடுங்க" என்று உடைத்து நீட்டினாள். மீதிப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அடக்கி வைத்திருந்த இருமலை எல்லாம் இருமித் தீர்த்தாள்.

முழுப் பூசணிக்காயை ஆளுக்கொரு சோற்றில் மறைத்திருந்தோம். யாரை யார் திட்டுவது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரோஷன் பீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைக்குத்தான் என்று சொன்னாள்.

"நிக்காஹ்வ எப்ப வெச்சுக்கலாம்?" என்று அவளே கேட்டாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"ஆபீசர் மறுபடி எப்ப வர்றாருன்னு கேட்டுச் சொல்றேங்க."