வலிக்காமல் போனவர்

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு வைத்த பெயர் குறுக்குசால். யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று நடுவில் புகுந்துவிடுவான். மழை வரும் என்றால் உனக்கு எப்படித் தெரியும் என்பான். இன்றைக்குக் காப்பி நன்றாக இருக்கிறது என்றால் எதை வைத்துச் சொல்கிறாய் என்பான். கடவுள் பேச்சு வந்தால் கேட்கவே வேண்டாம். அவனுக்கு ஈடுகொடுத்துப் பேச ஒரே ஒருவர்தான் இருந்தார். அவனோடு ஒரே வேனில் போய், ஒரே லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்த மூத்த மெக்கானிக். இவன் அவரை அண்ணன் என்பான், அவர் மனைவியை அண்ணி என்பான். ரத்த உறவு எதுவும் கிடையாது. வேலையில் ஒட்டிக்கொண்ட உறவு, ஆனால் நன்றாக ஒட்டியிருந்தது.

காலையில் வேனைக் கிளப்பும் முன்பு அண்ணன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி மெல்லிய குரலில் ஒரு பிரார்த்தனை சொல்வார். இவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிரேக் பிடிக்கவில்லை என்றால் உங்கள் கடவுள் வந்து பிடிப்பாரா என்று சீண்டுவான். பிரேக்கை நான் நேற்றே பார்த்துவிட்டேன், மற்றதற்குத்தான் அவர் என்பார் அண்ணன். இப்படி எத்தனையோ வருஷம். ஒருவரும் மற்றவரை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்ற அவசரமும் இருவருக்கும் இருந்ததில்லை.

ஒரு பழைய சரக்குக் கிடங்கில் அண்ணன் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கூண்டைத் தாங்கும் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார். மேலே யாரோ விவரம் தெரியாமல் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கூண்டு இறங்கி, இடுப்புக்குக் கீழே அவரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது என்று கம்பெனி சொன்னது.

அது பொய். அண்ணன் அரை மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். தீயணைப்புப் படையைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே போய்விடும், நம் ஆட்களை வைத்தே சங்கிலி போட்டுக் கூண்டைத் தூக்கிவிடலாம் என்று சூப்பர்வைசர் நேரத்தைக் கடத்தினார். போனைப் பிடுங்காத குறையாக எல்லோரையும் தடுத்தார். கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கையை விட்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்திருந்தவன் இவன்தான். என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவனும் இவன்தான்.

இறுதிச் சடங்கன்று அண்ணி அழவில்லை. அண்ணனும் அண்ணியும் வாராவாரம் போகும் பிரார்த்தனை மண்டபத்தின் பெரியவர் வந்திருந்தார். அண்ணி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வலித்திருக்குமா? பெரியவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. தினமும் தன் பேரைச் சொல்கிறவனை ஆண்டவன் வலிக்க விடமாட்டான் அம்மா, உயிரை முதலில் கையில் வாங்கிக்கொண்டுதான் உடம்பை விழவிடுவான் என்றார். அதற்குப் பிறகுதான் அண்ணிக்குக் கண்ணீர் வந்தது.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் வேலை அவருக்கு. திரும்ப வேலைக்குப் போனார், சமைத்தார், சாப்பிட்டார், தூங்கினார். துக்கம் கேட்டு வருகிறவர்களுக்கு அவரே ஆறுதல் சொன்னார். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கூண்டு வந்து தொடுறதுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டான்." இவன் போகும்போதெல்லாம் இதையே சொல்வார். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினான். அது எப்படி என்று கேட்கவில்லை.

பிறகு விசாரணை வந்தது. தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி கம்பெனிக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். இவனிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. உடனே இறந்தாரா, இல்லையா? சூப்பர்வைசர் தாமதம் செய்தாரா, இல்லையா? மற்றவர்கள் பார்க்கவில்லை என்று நழுவிவிட்டார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தவர். விசாரணை எல்லோர் முன்னிலையிலும் நடக்கும், இறந்தவரின் மனைவியையும் வரச் சொல்லியிருக்கிறோம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தான்.

உண்மையைச் சொன்னால் சூப்பர்வைசர் மாட்டுவார். இனி ஒருவனை அப்படிக் கிடக்கவிட யோசிப்பார்கள். அதே உண்மை அண்ணி உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிவிடும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அவளிடம்கூட அதுவரை அவன் பேசியதில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். விசாரணையில் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், அண்ணியை அன்றைக்கு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வராமல் இருந்தால் மட்டும் காதுக்குப் போகாதா என்றான் அவன்.

"போகும். ஆனா அது உங்க வாயால போக வேணாம். உண்மை உண்மைன்னு காலம் பூரா ஊரைக் கேள்வி கேட்டீங்க, சரி. அவங்க கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அதைப் பிடுங்கிட்டு பதிலுக்கு என்ன குடுக்கப் போறீங்க?"

மறுநாள் வேலை முடிந்ததும், எந்த மண்டபத்து வாசலை மிதிக்கமாட்டேன் என்று அண்ணனிடம் சவடால் அடித்திருந்தானோ, அங்கேயே போனான். பெரியவர் தனியாக நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த நாற்காலியைப் போட்டு அதிலேயே மெல்ல உட்கார்ந்துவிட்டார். உடனே போய்விட்டார் என்றுதான் தன்னிடமும் சொன்னார்கள் என்றார் கடைசியில். நீங்களே அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், உங்கள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்று கெஞ்சினான்.

பெரியவர் தலையை அசைத்தார். "அந்தப் பிள்ளை என் முகத்தைப் பாத்துக் கேட்டுச்சு தம்பி. நான் சொன்னேன். இப்ப போய் அது இல்லேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்க என்னைக் கோழைன்னு நினைச்சுக்கோங்க."

அவன் அப்படி நினைக்கவில்லை. தன்னுடைய பயத்தை இன்னொருவர் முகத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

நாலு பேர் நடுவில், சூப்பர்வைசரும் கம்பெனி ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க அண்ணி அதைக் கேட்கக் கூடாது. அது ஒன்றுதான் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வீட்டுக்குப் போனான். அவர் வாங்க தம்பி என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, வேலைக்குப் போட்டுப் போகும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேசினார். அவன் உட்காரவில்லை.

"அண்ணி, விசாரணையில நான் ஒண்ணு சொல்லப் போறேன். அத முதல்ல உங்க கிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க."

"அண்ணன் உடனே போகல."

அண்ணி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். சுவிட்சையும் அணைத்தார். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"வலிச்சுதா?"

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். முதலில் மரத்துப்போயிருக்கும், அவ்வளவாகத் தெரிந்திருக்காது என்று சொல்லலாம் என்றும் நினைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

"வலிச்சுது அண்ணி. கத்தினாரு. பிறகு கத்தவும் மூச்சு இல்ல."

அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று கேட்டார். சொன்னான். ஏன் யாரும் தூக்கவில்லை என்று கேட்டார். சூப்பர்வைசர் செய்ததைச் சொன்னான். என்னைக் கேட்டாரா என்றார். கேட்டார், அவளிடம் சொல்லிவிடாதே, பயந்துவிடுவாள் என்றார் என்று இவன் சொன்னான். அண்ணியின் வாய் கோணிக்கொண்டது. அடுத்ததை அவன் சொல்லாமலே போயிருப்பான். ஆனால் அண்ணி விடவில்லை. கடவுளைக் கூப்பிட்டாரா?

"கூப்பிட்டாரு. வார்த்தை வரல. நீ சொல்லுடான்னாரு. காலையில வேன்ல சொல்லுவாரே, அதை. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். சொன்னேன். நான் நம்பாத ஒண்ணை, சாகப் போற மனுஷன் காதுல சொன்னேன். அவர் கையை இறுக்கிப் பிடிச்சாரு. அது வலிக்காகப் பிடிச்சாரா, அதுக்காகப் பிடிச்சாரான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அண்ணி அவனைத் தேற்றவில்லை. நன்றி சொல்லவில்லை. அவன் அதை எதிர்பார்த்து வரவும் இல்லை. நீங்க கிளம்புங்க தம்பி என்றார். படியிறங்கும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் போகவில்லை. தெருமுனை வரை போய், அங்கே ஒரு கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

விசாரணைக்கு அண்ணி வந்தார். இவன் மனைவி தடுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். இவன் சொல்லி முடித்ததும் கம்பெனி வக்கீல் எழுந்து, அதிர்ச்சியில் இவருக்கு நேரம் குழம்பியிருக்கும் என்று ஆரம்பித்தார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, இறந்தவரின் மனைவி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். அண்ணி எழுந்து சூப்பர்வைசரைப் பார்த்தார். "என் புருஷன் கத்துறது உங்களுக்குக் கேட்டுச்சா?" சூப்பர்வைசர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த அறையில் அதற்கு மேல் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சூப்பர்வைசரின் வேலை போனது. குழிக்குள் ஆள் இருக்கும்போது மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இறங்குகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. இவனைச் சிலர் தோளில் தட்டினார்கள், சிலர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். இதெல்லாம் அவனைப் பெரிதாகத் தொடவில்லை. அண்ணி இளைத்துப்போனதுதான் தொட்டது. அவர் மண்டபத்துக்குப் போவதில்லை, தூக்கம் இல்லை, வேலையில் சூடான தகட்டில் கையைச் சுட்டுக்கொண்டார் என்று மனைவி வந்து சொல்வாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். பெரியவர் ஒருமுறை தெருவில் எதிர்ப்பட்டார். இப்போதெல்லாம் சாவு வீட்டில் நான் பக்கத்தில் உட்காருவதோடு சரி, வாயைத் திறப்பதில்லை என்றார்.

மாதங்கள் கழித்து, மனைவி வற்புறுத்தியதால் அண்ணி ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணி, நான் சொல்லாம இருந்திருக்கணுமா?"

அண்ணி துண்டை மடித்து வைத்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தோணுது தம்பி. சில நாள் காலையில எந்திரிக்கும்போதே உங்க மேல ஆத்திரமா வருது. நல்லாத் தூங்கிட்டு இருந்தவளை எழுப்பி விட்டுட்டீங்களேன்னு. வேற சில நாள், அவர் அங்க கிடந்து துடிச்சிருக்கார், நான் இங்க ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லேன்னு எல்லார் கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேனேன்னு இருக்கு. இப்பவாவது அவர் பட்டது எனக்குத் தெரியும். அது நல்லதா கெட்டதான்னு என்னைக் கேக்காதீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மண்டபத்துக்குத் திரும்பப் போக ஆரம்பிச்சிருக்கேன்" என்றார் அண்ணி. "முன்ன மாதிரி கும்பிட இல்ல. சண்டை போட."

"பெரியவரோடயா?"

"அவர் பாவம், அவரோட எதுக்கு? மேல இருக்கிறவனோட."

அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. அவன் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனான். வழியில் இருவரும் அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. விலைவாசியைப் பற்றியும் அண்ணியின் கைப்புண்ணைப் பற்றியும் பேசினார்கள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும், என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டாள். கோபமாகத்தான் இருக்கிறார்கள் என்றான்.

"இருக்கட்டும்" என்றாள் அவள். "அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கேன்."