முதுகு காட்டி வாசித்தவன்

செத்தவீட்டுப் படலையை யாரும் சாத்துவதில்லை. கோணேஸ்வரி சாத்தினாள். சாத்தியதோடு விடாமல் கொளுக்கியையும் இழுத்து மாட்டினாள். வெளியே கறுப்புச் சப்பாத்துகளோடு நின்ற மூன்று பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

“அக்கா, ஒருக்கா முகத்தப் பாத்துட்டுப் போறம்,” என்றான் முன்னால் நின்ற அஸ்ஹான்.

“பாத்தது காணும். சனிக்கிழமை முழுக்கப் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?”

“தூக்குற நேரமாவது ஒரு கை குடுக்க விடுங்கக்கா.”

“என்ர தம்பியைத் தூக்க எங்களிட்டை ஆக்கள் இருக்கினம். நீங்கள் தூக்கினதாலதான் இண்டைக்கு அவன் பெட்டிக்குள்ள கிடக்கிறான்.”

அதற்குமேல் கேட்க அவள் நிற்கவில்லை. திரும்பி நடந்தபோது பந்தலுக்குள் வாடகைக் கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு எங்கோ பார்க்கத் தொடங்கினார்கள். அருளம்பலம் சித்தப்பா மட்டும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“பிள்ளை, என்ன வேலை பாத்தனி? வாற சனம் என்ன நினைக்கும்?”

“நினைக்கட்டும்.”

சித்தப்பா போய்ப் படலையைத் திறந்துவிட்டார். ஆனாலும் அந்த மூவரும் உள்ளே வரவில்லை. ஒழுங்கையைக் கடந்து எதிர் மதிலோடு நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள். கோணேஸ்வரி ஒரு கதவைச் சாத்தினால் அது சாத்தியதுதான் என்பது, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அவளுடைய மேசைக்கு முன்னால் கோப்பும் கையுமாக அலைந்த சனத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

தாய் தகப்பன் போனபிறகு தம்பி யுகேந்திரனை வளர்த்தது அவள்தான். இறங்குதுறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். அது பிழைப்பு. அவனுக்கு உயிர் என்னவோ ‘உப்பாறு’ என்று இசைக்குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டு இந்தப் பொடியன்களோடு அடித்த ட்ரம்ஸில்தான் இருந்தது. போன வருடம் பொங்கல் கழிந்த கிழமை, இதயம் வீங்கிப் பலவீனமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாரம் தூக்கக்கூடாது, ட்ரம்ஸை நினைக்கவும் கூடாது என்றார் டொக்டர். அன்று பின்னேரமே அவன் ட்ரம்ஸை லொறியில் ஏற்றி அனுப்பினான். “வித்திட்டன் அக்கா,” என்றான். அவள் நம்பினாள். அந்தக் கிழமை அவனுக்கு நண்டு வாங்கிச் சமைத்துக்கூடக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணியோடு எழுப்பப் போனபோது அவன் எழும்பவில்லை. அன்று மத்தியானம் ஆளாளுக்குக் கைபேசியில் அஞ்சலி போடத் தொடங்கிய பிறகுதான் அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். முந்தின நாள், சனிக்கிழமை, நகரத்து மண்டபம் ஒன்றில் மேடை. சிவப்பு வெளிச்சம். ட்ரம்ஸுக்குப் பின்னால் வியர்த்து விறுவிறுத்து அவளுடைய தம்பி. விற்றதாகச் சொன்ன ட்ரம்ஸ் இவ்வளவு காலமும் கிண்ணியாவில் அஸ்ஹானின் வீட்டில் இருந்திருக்கிறது.

இவங்கள்தான் கொன்றார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

இன்று செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்கு முன் எடுக்க வேண்டும் என்று சித்தப்பா பறைமேளக்காரரிடமும் ஐயரிடமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார். படலையில் கட்டிய வாழையின் இலையை, பஸ் நிலையப் பக்கம் மாடுகள் போலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அதை விரட்ட யாருக்கும் கை எழவில்லை.

பந்தலின் கடைசி வரிசையில் கறுப்பு உடுப்புப் போட்ட இளசுகள் கொஞ்சப் பேர் இருந்தார்கள். பாட்டுக் கேட்கிற கூட்டம். முதலில் கிசுகிசுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிசுகிசுப்பு கதையாகி, கதை சண்டையாகிவிட்டது.

“முதல் ரெண்டு வருசம் அவங்க வாசிச்சது சுத்தமான ஹெவி மெட்டல். பிறகு வாசிச்சது மெட்டலே இல்ல. மெதுவாகிச் சோர்ந்துபோன றொக்.” சொன்னவன் பஸ்லான். நகரத்தில் கைபேசிக் கடையில் நிற்கிறவன். உப்பாறின் ரசிகர் பக்கத்தை நடத்துகிறவனும் அவன்தான்.

“அதுக்குப் பேர் டூம் மெட்டல், விசரா,” என்றாள் பக்கத்தில் இருந்த ஜெயரூபி, கம்பஸில் படிக்கிறவள். “ஆறுதலா, மெதுவா, பாரமா வாசிக்கிறதுதான் அதின்ர அழகு. அவையள் வளந்திட்டினம். நீதான் நிண்ட இடத்திலயே நிக்கிறாய்.”

“வளந்ததோ? ‘பாதை’ பாட்ட முந்தி எப்பிடி வாசிச்சாங்க? நெஞ்சு வெடிக்கும். இப்ப அந்தப் பாட்டு நடக்கக்குள்ள நான் வெளிய போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வரலாம்.”

“பாட்டு விளங்கினவன் இப்பிடிக் கதைக்க மாட்டான்.”

பாலம் வருவதற்கு முன் கிண்ணியாச் சனத்தை அக்கரை சேர்த்த இழுவைப் படகைத்தான் இங்கே பாதை என்பார்கள். கடைசி ஆளும் ஏறும்வரை கயிற்றை இழுக்காதே என்று திரும்பத் திரும்ப வருகிற பாட்டு அது. யுத்தத்தில் விட்டுவிட்டு வந்த ஆக்களைப் பற்றியது என்றாள் ஜெயரூபி. சுனாமியைப் பற்றியது, கிண்ணியாவில் யாரிடமும் கேட்டுப் பார் என்றான் பஸ்லான். கண்ணாடி போட்ட ஒருவன் அது காதல் பாட்டாகவும் இருக்கலாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனை முறைத்தார்கள். அவன் கதிரையை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

“சரி, பாட்ட விடு. சனிக்கிழமை நடந்தது ஒரு ஷோவா?” பஸ்லானின் குரல் ஏறிவிட்டது. “முதலாவது பாட்டில இருந்து கடைசிவரைக்கும் அஸ்ஹான் சனத்துக்கு முதுகக் காட்டிக்கொண்டு நிண்டார். டிக்கெட் எடுத்துப் போனது அவர்ட முதுகப் பாக்கவா? அவ்வளவு பெரும!”

கோணேஸ்வரி பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்ததை அவர்கள் காணவில்லை.

“இது என்ன சந்தையோ?”

பஸ்லான் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. ஜெயரூபி கைகளைக் கட்டிக்கொண்டாள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. யுகன் அண்ணாவைப் பற்றித்தான் கதைச்சனாங்கள். அவர் கேட்டா இதைத்தான் விரும்புவார் எண்டு…”

“அவன் என்ன விரும்புவான் எண்டு எனக்குச் சொல்லித் தர வந்தனீங்களோ?”

திரும்பிப் போகப் பார்த்தவளுக்கு ஏதோ உறுத்தியது. மெதுவாகிப்போனது என்று இவன் சொன்னது.

“எப்ப இருந்து மெதுவா வாசிச்சவை?”

பஸ்லானுக்கு அது அடி விழப்போகிற கேள்வியா, சும்மா கேள்வியா என்று தெரியவில்லை. ஆனால் உப்பாறைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க அவனால் ஏலாது.

“போன வருசம் மாசியில இருந்து. அதுக்கு முதல் நிலாவெளியில வாசிச்சதுதான் கடைசி வேகமான ஷோ. ரெண்டு வீடியோவும் எனக்கிட்ட இருக்கு.”

“காட்டுங்கோ பாப்பம்.”

அவள் தம்பி வாசித்து ஒரு நாளும் பார்த்ததில்லை. வீட்டில் தட்டினால் சத்தம் போடுவாள், மேடைக்குப் போகமாட்டாள். இப்போது செத்தவீட்டுப் பந்தலில் விழுந்த கதிரையை நிமிர்த்தி அதில் இருந்துகொண்டு, யாரோ ஒரு பொடியனின் கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். சத்தத்தைக் குறைத்துவிட்டான் பஸ்லான்.

முதலாவது, நிலாவெளி. யுகேந்திரனின் கைகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. தலைமயிர் முகத்தில் அடிக்க அவன் சிரித்துக்கொண்டே அடித்தான். அஸ்ஹான் மேடை விளிம்பில் நின்று கிற்றாரோடு துள்ளினான். சனமும் துள்ளியது.

இரண்டாவது, சனிக்கிழமை. அதே பாட்டு. யுகேந்திரனின் கை மேலே போனது. போய் அங்கேயே நின்றது. பிறகு விழுந்தது. அஸ்ஹான் சனத்துக்கு முதுகு காட்டி, ட்ரம்ஸுக்கு இரண்டடி தள்ளி, யுகேந்திரனுக்கு நேரே நின்றான். அவனுடைய கையும் கிற்றாருக்கு மேலே தூக்கியபடி நின்றது. யுகேந்திரனின் தடி விழுந்த பிறகுதான் அவன் கை விழுந்தது. ஒரு முறை தடி விழப் பிந்தியது. அவனும் பிந்தினான். பக்கத்தில் பேஸ் கிற்றார் வாசித்தவனும் சனத்தைப் பார்க்கவில்லை. அவனும் யுகேந்திரனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் யுகேந்திரன் தடிகளை மடியில் வைத்துவிட்டுக் குனிந்தான். கோணேஸ்வரி கைபேசியை இன்னும் கிட்டப் பிடித்தாள். அஸ்ஹான் உடனே கிற்றாரைத் தனியாக அலறவிட்டான். நீளமாக, முடியாமல், மண்டபமே கத்தும்படி அலறவிட்டான். கண் மட்டும் யுகேந்திரனை விட்டு அசையவில்லை. யுகேந்திரன் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தான், மூச்சு வாங்கினான், நிமிர்ந்து தலையாட்டினான். அஸ்ஹானும் தலையாட்டினான். பாட்டு திரும்பத் தொடங்கியது.

“இந்த இடம்தான் அன்ரி, அண்டைக்குத் திறமான இடம்…” என்று தொடங்கிய ஜெயரூபி பாதியில் நிறுத்திவிட்டாள். அவளும் இப்போதுதான் அதைப் பார்த்தாள்.

“அவர் பெருமைக்கு நிக்கல்ல,” என்றான் பஸ்லான், யாருக்கென்று இல்லாமல். “நான் ரசிகர் பக்கத்தில என்னென்னவோ எழுதிட்டன்.”

கோணேஸ்வரி கைபேசியை அவன் கையில் வைத்துவிட்டு எழுந்தாள். செருப்பில்லாமல் படலையைத் தாண்டித் தார் கொதிக்கிற ஒழுங்கையில் இறங்கினாள். “எங்க பிள்ளை போறாய்? எடுக்கிற நேரமாகுது!” என்று சித்தப்பா கூப்பிட்டார். பந்தலில் இருந்தவர்கள் இந்த முறை வேறு பக்கம் பார்க்கவில்லை. அடிதடி நடக்கப்போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மதிலோடு நின்ற மூவரும் நிமிர்ந்தார்கள். அஸ்ஹானுடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

“அவனுக்கு நெஞ்சு வருத்தம் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“ஓம் அக்கா.”

“எப்ப தொடக்கம்?”

“ட்ரம்ஸ எங்கட வீட்ட இறக்கின அண்டைக்கே சொல்லிட்டான்.”

“தெரிஞ்சுகொண்டு அடிக்க விட்டனீங்கள்.”

அஸ்ஹான் தலையைக் குனியவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“முதல்ல நிப்பாட்டினம் அக்கா. இனி உப்பாறு இல்ல எண்டு சொல்லி எல்லாத்தையும் மூடினம். அவன் ஒண்டும் சொல்லல்ல. ரெண்டு கிழமையால பாத்தா, கந்தளாயில ஒரு கல்யாணவீட்டு மியூசிக் குறூப்போட போய் அடிச்சிட்டு வந்திருக்கிறான். அவங்க விடியும்வரைக்கும் வேகமா அடிக்கிற ஆக்கள். அவங்களுக்கு இவன்ட நெஞ்சு தெரியாது. தெரிஞ்சாலும் ஆருக்கும் நிண்டு பாக்க நேரமில்ல.” அவன் பந்தல் பக்கம் பார்த்தான். “அதான் திரும்பக் கூப்பிட்டம். எங்களோடயெண்டா ஆறுதலா அடிக்கலாம்தானே. அவன் எவ்வளவு ஏலுமோ அவ்வளவுக்குப் பாட்ட இழுத்தம். சனம் என்னென்னவோ பேர் வெச்சிச்சு. நல்லதெண்டு விட்டுட்டம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“சொன்னா நீங்க வீட்டுல வெச்சுப் பூட்டியிருப்பீங்க.”

“பூட்டியிருப்பன்தான்! பூட்டியிருந்தா இருந்திருப்பான்!”

அவள் கத்தியது துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். இருந்திருப்பான் என்றும் அஸ்ஹான் சொல்லவில்லை, இருந்திருக்க மாட்டான் என்றும் சொல்லவில்லை. அவனுடைய கண்களால் தண்ணீர் ஓடியது, துடைக்கக் கையை எடுக்காமல் நின்றான். இவனைச் சபிக்க ஒரு வார்த்தை தேடினாள். இரண்டு நாளாக வாய் நிறைய வைத்திருந்தவள்தான், இப்போது ஒன்றும் வரவில்லை. அந்தக் கை தூக்கியபடி காத்து நின்றதுதான் கண்ணுக்குள் நின்றது. யுகேந்திரனுக்காக அப்படி யாரும் காத்து நின்றதை அவள் கண்டதில்லை. தானும் நின்றதில்லை. சோற்றுக்கு எழுப்பி, மருந்துக்கு அதட்டி, அவனைக் கெதி கெதியென்று அவசரப்படுத்தியே வளர்த்தவள் அவள்.

“எனக்குக் கோவம் ஆறேல்ல,” என்றாள்.

“ஆறத் தேவையில்லக்கா.”

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. மூண்டு பேரும்.”

சித்தப்பா படலையிலேயே மறித்தார். சொந்தக்காரர் தோள் கொடுக்கக் காத்து நிற்கும்போது இது என்ன புதுப் பழக்கம் என்று அவள் காதோடு கேட்டார். “அவன்ர பாரம் இவைக்குத்தான் தெரியும் சித்தப்பா,” என்றாள். அவர் விலகி வழி விட்டார்.

பெட்டியை மூடும்போது பெண்கள் விழுந்து அழுதார்கள். மூவரும் மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினார்கள். பறை முழங்கியது. ராகுகாலத்துக்குப் பயந்து மேளக்காரர் விறுவிறென்று முன்னே போய்விட்டார்கள். ஒழுங்கை முடக்கில் திரும்பிப் பார்த்தால் பெட்டி பாதித் தூரம்கூட வரவில்லை. “கெதியா, கெதியா!” என்று சித்தப்பா கையை வீசினார். அஸ்ஹான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வைக்கிற அடியை ஆறுதலாகவே வைத்தான். மற்றத் தோள்களுக்கும் வேறு வழியில்லை. மேளக்காரர் அடியைத் தளர்த்திக்கொண்டு நின்று, பெட்டி கிட்ட வந்தபிறகு நடந்தார்கள்.

பெண்கள் முடக்கோடு நின்றுவிட வேண்டும். கோணேஸ்வரி அங்கே நின்று, தலையைச் சுவரில் முட்டி, இந்த இரண்டு நாளும் அழாத அழுகையை அழுதாள். பறைச் சத்தம் வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு வீட்டைக் கழுவ வேண்டும். சின்னம்மா கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிக் கொடுக்க, ஜெயரூபி சட்டையை மடித்துக் கட்டிக்கொண்டு விறாந்தையில் ஊற்றினாள். பூவும் சாம்பிராணிக் கரியும் கலந்த தண்ணீர் முற்றத்தில் இறங்கிப் படலைப் பக்கம் ஓடியது. அங்கே மூன்று சோடிக் கறுப்புச் சப்பாத்து கழற்றிப் போட்டபடி கிடந்தன.

கோணேஸ்வரி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“அதை ஏன் பிள்ளை நீ தொடுறாய்?” என்றாள் சின்னம்மா.

“நனைஞ்சிரும்,” என்று சொல்லி, மதிலின் மேலே வெயில் படுகிற இடமாகப் பார்த்துச் சோடி சோடியாக வைத்தாள்.