தேயாத டயர்

உதயகுமாரின் பழைய லாரி இடது முன்டயரின் உள்விளிம்பு தேய்ந்தால்தான் எங்கள் பட்டறைக்கு வரும். நானும் ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் மட்டும் பார்த்து அனுப்பினேன்.

மெக்கானிக் மாலை வகுப்பில் கற்றபடி, இன்று லாரியைச் சமதரையில் நிறுத்தி, பட்டு நூலில் நட்டைக் கட்டித் தூக்குக்குண்டுபோல் சக்கரத்தருகே தொங்கவிட்டேன். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தது. ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் புஷ் தேய்ந்து ஆடியது. சந்தேகத்தில் மறுபடியும் ஆட்டினேன். அதேதான்.

புது புஷ் போட்டதும், "இனிமே டயர் தேயாதில்ல, அபிநயா?" என்றான் உதயகுமார்.

"தேயாது."

"அப்போ உன்னாண்ட வர வேலையே இல்ல."

"கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கணும். மாசாமாசம் வாங்க."

"அத எங்க வேணா அடிச்சிக்கலாமே?"

"மத்தவங்க சரியா அடிக்க மாட்டாங்க."

அப்படி எந்தப் பாடத்திலும் இல்லை. அவன் சிரித்தபடி வண்டியை எடுத்தான். பிள்ளையார்பாளையம் தெருமுனைவரை அது ஒரு பக்கமும் இழுக்காமல் நேராகப் போனது.